ஒயர் போட்டாச்சா

ராத்திரி பத்தேமுக்காலுக்குக் கீழ்வீட்டு மோட்டார் நிற்கும்.
அதற்கு முன்னால் சொருகினால் மெயின் விழுந்துவிடும்,
ஃபிலோமினா டீச்சரின் சீரியலும் கூடவே விழும்.
ஆகவே பதினொன்று.
ரப்பர் செருப்பு மாட்டி இறங்கி
ஷெட்டில் ஒயரைச் சொருகி
பத்து நிமிஷம் நின்று
பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
வெதுவெதுப்பு என்றால் தூங்கப் போகலாம்.
சுட்டால் எலக்ட்ரீஷியன் மாதையனைக் கூப்பிட வேண்டும்,
நாளைக்கு வரேன் என்பார், மூன்று நாள் ஆகும்.

சார்ஜர் விளக்கின் பச்சையடியில்
ஒரு பல்லிக்குத் தினமும் விருந்து.

காலையில் முப்பத்தெட்டு என்கிறது திரை.
அது கிலோமீட்டர் இல்லை, அபிப்பிராயம்.
நேற்று நான் ஓட்டிய லட்சணத்தை வைத்து
இன்றைக்குச் சொல்லும் ஜோசியம்.
ஏசி போட்டால் முப்பத்துமூன்று.
ஏற்காடு கிளையில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்து
கிராமுக்கு இவ்வளவு என்று
நாள் முழுக்க எண் சொல்கிறவள் நான்.
எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும்.

அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் ஒன்பது.
அதுவரை திரையும் ரோடும் ஒரே பேச்சு.
செக்போஸ்ட் தாண்டினால்
ரோடு ஒன்று போக, எண் மூன்று போகும்.
பதினொன்றாம் கொண்டை ஊசியில்
இன்ஜின் கண்விழிக்கும்.
அதுவரை காட்டின் சத்தம்:
குரங்கு, சருகு, முன்னால் போகும் பஸ்ஸின் இருமல்.
அதற்கப்புறம் என் சத்தம்.
பின்னால் வரும் பால்வண்டிக்காரர்
சரியாக அங்கேதான் ஹாரன் அடிப்பார்,
எழுந்தாச்சா என்று கேட்பதுபோல.

சாயங்காலம் மலை திருப்பித் தரும்.
பிரேக்கில் கால் வைக்க வைக்க
ஒன்று, மூன்று, ஆறு,
அடிவாரத்தில் பதினொன்று.
வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்.
எங்கள் கிளையில் அடகு வைத்தது எதுவும்
அதே நாளில் மீண்டதாக நினைவில்லை.
வீட்டுக்கு ஒன்பது போக மிச்சம் இரண்டு.
அந்த இரண்டோடு
சத்தமில்லாமல் தெருவுக்குள் நுழைவது
எனக்குப் பிடித்த திருட்டு.

கதிரேசன் வேறு கட்சி.
சனிக்கிழமை ஓசூரிலிருந்து வருவார்.
"அதான் பெட்ரோல் இருக்கே" என்பார்.
இரண்டு மனசு உள்ள வண்டியில்
ஒன்றோடு மட்டும் பேசுவார்.
ஞாயிறு முழுக்கத் தாரமங்கலம், ஓமலூர் சுற்றிவிட்டு
சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துப் பஸ் ஏறிவிடுவார்.
ஓட்டினவர் போடட்டும் என்று
நானும் இறங்க மாட்டேன்.
ஏழு மாதமாக நடக்கிறது இந்த வழக்கு,
வக்கீல் இல்லை, வாய்தாவும் இல்லை.

திங்கட்கிழமை பூஜ்ஜியம்.
கேட்டிலிருந்தே உறுமிக்கொண்டு கிளம்பினால்
கீழ் ஜன்னல் திறக்கும்:
"நேத்து ஒயர் போடலையா?"
சாப்பிடலையா என்று கேட்கும் அதே குரல்.
"மறந்துட்டேன் டீச்சர்."
சப்மீட்டர் பார்த்து அவர்
சுவரில் சாக்பீஸால் எழுதும் கணக்கில்
ஞாயிறுகள் மட்டும் காலி.
எங்கள் வீட்டு விஷயம்
யூனிட் யூனிட்டாக அவருக்குத் தெரியும்.

போன ஞாயிறு
ஷெட்டுக்குள் ஒரு டார்ச் வெளிச்சம்
எதையோ தேடி அலைவதை மாடியிலிருந்து பார்த்தேன்.
க்ளிக் என்று ஒரு சத்தம்.
பிறகு கேட்,
பஸ்ஸுக்கு ஓடும் கால்கள்.
நான் இறங்கிப் பார்க்கவில்லை.

காலையில்
ஒயர் சொருகியிருந்தது.
வண்டியில், சுவரில், இரண்டு பக்கமும் இறுக்கமாக.
ஸ்விட்ச் போடவில்லை.
ராத்திரி முழுக்க இருட்டில் காத்திருந்ததோ என்னவோ,
பல்லி அங்கேயே இருந்தது.

கிளப்பினேன். உறுமியது. ஜன்னல் திறந்தது.
"போட்டாரு டீச்சர்" என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை.

அன்றைக்கு
முதல் வளைவிலேயே ஹாரன் அடித்தார்
பால்வண்டிக்காரர்.
நானும் ஒன்று அடித்தேன்.